காணாமல் போன அரை மணி நேரம்: கணினிக் கையேடு சொல்லும் கதை

1981ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி இரவு மணி 11.45க்குக் கோலாலம்பூரில் என்ன நடந்தது தெரியுமா, மாணவர்களே? ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருக்கவும் முடியாது. ஏனென்றால் அன்று இரவு மணி 11.45 என்ற நேரமே தீபகற்ப மலேசியாவில் வரவில்லை.

அதுவரை தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி 30 நிமிடம் முன்னால் இருந்தது. சபா, சரவாக் மாநிலங்களின் நேரமோ 8 மணி முன்னால் இருந்தது. நாடு முழுவதும் ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று முடிவானது. 1981ஆம் ஆண்டின் மலேசிய நியம நேரச் சட்டம் அதற்கு வழி செய்தது. அன்று இரவு மணி 11.30 ஆனதும் மக்கள் கடிகார முள்ளை அரை மணி நேரம் முன்னே நகர்த்தி 12.00இல் வைத்தார்கள். 1982 பிறந்துவிட்டது! சிங்கப்பூரும் அதே இரவில் அப்படியே செய்தது.

உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். சிலருக்கு இது நினைவிருக்கும். சரி, கணினிக்கு இது நினைவிருக்குமா? அந்த நாளின் நேரத்தைக் கேட்டால் கணினி சரியாகச் சொல்லுமா? சொல்லும் என்றால், அதை நம்பலாம் என்று நிரல் எழுதுபவருக்கு யார் சொன்னது?

இந்தக் கேள்விகளுக்கான விடை, பலரும் புரட்டிப் பார்க்காத ஒரு நூலில் இருக்கிறது. அதுதான் சி மொழி நூலகத்தின் கையேடு. இந்த வாரம் அதைத்தான் திறந்து பார்க்கப் போகிறோம். ஒரு சிறு குறிப்பு: நிரல் எழுதும்போது செயற்கூறுகளின் பெயரை ஆங்கிலச் சிற்றெழுத்தில்தான் எழுத வேண்டும். இங்கே அவற்றின் ஒலியை மட்டும் தமிழில் தருகிறோம்.

நிரலுக்கும் கடிகாரத்துக்கும் நடுவில் யார்?

பள்ளியில் நீங்கள் பைத்தான் மொழியில் நிரல் எழுதிப் பழகியிருக்கலாம். 'இப்போது மணி என்ன?' என்று ஒரே வரியில் கேட்டால் பைத்தான் விடை சொல்லிவிடும். அந்த விடை எங்கிருந்து வருகிறது? பரவலாகப் பயன்படும் பைத்தான், சி மொழியில் எழுதப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய மொழி சி. உங்கள் கேள்வியைப் பைத்தான் வாங்கி, சி நூலகத்திடம் கொடுக்கிறது. நூலகம் இயங்குதளத்தின் உட்கருவான கர்னலிடம் கேட்கிறது. கணினியின் கடிகாரம் கர்னலின் பொறுப்பில் இருக்கிறது.

இங்கே 'நூலகம்' என்றால் புத்தகங்கள் அடுக்கிய இடம் அல்ல. பலரும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை ஒருவர் ஒழுங்காக எழுதி வைத்துவிட்டால், மற்றவர்கள் அதைப் பெயர் சொல்லி அழைத்துப் பயன்படுத்தலாம். அப்படி எழுதி வைத்த ஒவ்வொரு வேலையும் ஒரு செயற்கூறு. செயற்கூறுகளின் தொகுப்புத்தான் நூலகம். கோப்பைத் திறப்பது, எழுத்தைத் திரையில் காட்டுவது, நேரம் கேட்பது, இன்னொரு நிரலை ஓடவிடுவது என எல்லாவற்றுக்கும் அதில் செயற்கூறுகள் உண்டு. லினக்ஸ் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது குனு சி நூலகம்.

நேரத்தை எடுத்துக்கொள்வோம். 'டைம்' என்ற செயற்கூறை அழைத்தால் ஓர் எண் மட்டுமே கிடைக்கும். 1970ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, அனைத்துலக நேரப்படி நள்ளிரவு தொடங்கி இதுவரை எத்தனை நொடிகள் ஆயின என்ற எண் அது. அந்தச் சுழிய நொடியில் கோலாலம்பூரில் காலை மணி 7.30. அந்த நொடி எண்ணை ஆண்டு, மாதம், தேதி, மணி என்று ஊர் நேரத்துக்கு மாற்றித் தருவது 'லோக்கல்டைம்' என்ற இன்னொரு செயற்கூறு.

காணாமல் போன அரை மணி நேரத்தை இப்போது கணக்கிட்டுப் பார்க்கலாம். 1970 முதல் 1981 முடிய 12 ஆண்டுகள். அவற்றில் 1972, 1976, 1980 ஆகிய மூன்றும் லீப் ஆண்டுகள். ஆக மொத்தம் 4,383 நாட்கள். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள் என்றால் 37,86,91,200 நொடிகள். நாம் 8 மணி நேரம் முன்னால் இருப்பதால் 28,800 நொடிகளைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 37,86,62,400. இந்த எண்ணைக் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றினால் 1982 ஜனவரி 1, நள்ளிரவு 12.00. ஒரே ஒரு நொடி குறைத்து மாற்றினால்? 1981 டிசம்பர் 31, இரவு 11 மணி 29 நிமிடம் 59 நொடி. நொடி எண்ணிக்கையில் எந்த இடைவெளியும் இல்லை. பள்ளம் கடிகாரத்தில் மட்டும்தான்.

ஒரே பெயர், இரண்டு இடங்கள்

லோக்கல்டைம் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ள அதன் மூல நிரலைப் படிக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படிப் படிக்க எவருக்கும் நேரம் இருக்காது. அதற்காகத்தான் கையேடு.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்று தேதியிடப்பட்டது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அதை எழுதினார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும், ஒவ்வொரு செயற்கூறுக்கும் தனிப் பக்கம். எல்லாப் பக்கமும் ஒரே அமைப்பு. பக்கங்கள் எண்ணிட்ட பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன: முதல் பகுதி பயனர் தட்டச்சு செய்யும் கட்டளைகள், இரண்டாம் பகுதி கர்னலை நேரடியாக அழைக்கும் முறைமை அழைப்புகள், மூன்றாம் பகுதி நூலகச் செயற்கூறுகள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் லினக்ஸ் கையேடு இன்றும் இதே எண்களைத்தான் பின்பற்றுகிறது.

எண் எதற்கு? சாலாக் செலாத்தானில் ஒரு நண்பரைச் சந்திப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'சாலாக் செலாத்தான் ஸ்டேஷனுக்கு வந்துவிடு' என்று மட்டும் சொன்னால் குழப்பம்தான். கேடிஎம் கொமுட்டர் ரயிலுக்கு அந்தப் பெயரில் ஒரு நிலையம். ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி வழித்தடத்தில் அதே பெயரில் இன்னொரு நிலையம். இரண்டும் ஒரே கட்டடம் அல்ல. ஒரு ரயிலிலிருந்து இறங்கி மற்றொன்றுக்கு மாற வேண்டும் என்றால் பண்டார் தாசிக் செலாத்தானுக்குப் போவதுதான் வசதி. ஆகவே 'கேடிஎம் சாலாக் செலாத்தான்' என்றோ 'எல்ஆர்டி சாலாக் செலாத்தான்' என்றோ சேர்த்துச் சொல்கிறோம்.

கையேட்டிலும் அப்படித்தான். 'பிரிண்ட்எஃப்' என்ற பெயரில் முனையத்தில் தட்டச்சு செய்யும் ஒரு கட்டளை உண்டு. அதே பெயரில் சி நிரலுக்குள் பயன்படுத்தும் செயற்கூறும் உண்டு. முன்னதை பிரிண்ட்எஃப்(1) என்றும் பின்னதை பிரிண்ட்எஃப்(3) என்றும் எழுதுவது வழக்கம். எண்ணைக் கவனிக்காமல் பக்கத்தைத் திறந்தவர், வேறு நிலையத்தில் நண்பருக்காகக் காத்திருப்பவரைப் போலத்தான்.

ஒரு பக்கத்தில் என்னென்ன இருக்கும்?

ஒரு செயற்கூறின் பக்கம் பொதுவாக இந்த வரிசையில் போகும்: பெயரும் ஒரு வரி விளக்கமும், அழைக்கும் முறை, அது செய்யும் வேலை, திருப்பித் தரும் மதிப்பு, தவறு நேர்ந்தால் என்ன ஆகும், எச்சரிக்கைகள், தொடர்புடைய பிற பக்கங்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பயன் மட்டும் அதில் இருப்பதில்லை. எத்தனை வேளை சாப்பிட வேண்டும், யார் சாப்பிடக் கூடாது, மிகுதியாகச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதும் இருக்கும்.

லோக்கல்டைம் பக்கத்தையே பார்ப்போம். அது தரும் விடையில் மாதம் 0 முதல் 11 வரை என்று கையேடு சொல்கிறது. ஜனவரி 0, டிசம்பர் 11. ஆண்டு, 1900இலிருந்து எத்தனை ஆண்டுகள் என்று தரப்படுகிறது. 1981 என்றால் 81. 2025 என்றால் 125. இதைப் படிக்காதவர் என்ன செய்வார்? 81 என்ற எண்ணைப் பார்த்து, 'ஓகோ, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம்' என்று முடிவு கட்டி, முன்னால் '19' என்று ஒட்டிவிடுவார். பதினெட்டு ஆண்டுகள் அது சரியாகவே வேலை செய்யும். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்த எண் 100 ஆனது. இந்த வழியில் ஆண்டை எழுதிய பல இணையத்தளங்களில் அன்று 19100 என்று தெரிந்தது!

அதே பக்கத்தில் இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. லோக்கல்டைம் தன் விடையை எழுதி வைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். வகுப்பறையில் ஒரே ஒரு வெண்பலகை இருப்பதுபோல. முதல் கேள்விக்கான விடை பலகையில் இருக்கிறது. இரண்டாவது கேள்வி கேட்டதும் பழையதை அழித்துவிட்டுப் புதியது எழுதப்படும். பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகத்தை இரவல் வாங்கிய தேதியையும் திருப்பித் தர வேண்டிய தேதியையும் இப்படி இரண்டு முறை கேட்டு, பிறகு இரண்டையும் ஒன்றாக அச்சிட்டால், இரண்டும் ஒரே தேதியாக வரும். அழைப்பவரே தனியாக ஒரு தாள் கொடுத்து விடையை அதில் எழுதி வாங்கும் வேறொரு செயற்கூறும் உண்டு. அதைப் பற்றியும் அதே பக்கம் சொல்கிறது. படித்தவருக்குச் சிக்கல் இல்லை.

எச்சரிக்கையைப் படிக்காமல் போனால்

2010ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான கோளாறு வந்தது. ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் பதிப்பைப் போட்டவர்கள் சிலருக்கு, இணையத்தில் காணொளி பார்க்கும்போது ஒலி மட்டும் கரகரவென்று சிதைந்து கேட்டது. அன்று காணொளிகளை இயக்கியது அடோபி நிறுவனத்தின் ஃபிளாஷ் என்ற மென்பொருள். அதில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை. மாறியது குனு சி நூலகம். அதிலும் ஒரே ஒரு செயற்கூறு: 'மெம்கோப்பி'. நினைவகத்தில் ஓரிடத்தில் இருப்பதை இன்னோர் இடத்துக்குப் படியெடுப்பது அதன் வேலை. சில வகைச் செயலிகளில் வேகமாக ஓட வேண்டும் என்பதற்காக, முன்னிருந்து பின்னாகப் படியெடுப்பதற்குப் பதில் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்கும்படி அதை மாற்றியிருந்தார்கள்.

எந்தப் பக்கமிருந்து படியெடுத்தால் என்ன? தாளும் பேனாவும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள். ஐந்து கட்டங்கள் வரையுங்கள். அவற்றில் க, ச, ட, த, ப என்று எழுதுங்கள். இரண்டு முதல் ஐந்து வரையுள்ள கட்டங்களில் இருப்பதை ஒன்று முதல் நான்கு வரையுள்ள கட்டங்களுக்குப் படியெடுக்க வேண்டும். முன்னிருந்து தொடங்கினால்: இரண்டாம் கட்டத்தின் 'ச' முதல் கட்டத்துக்குப் போகும், பிறகு 'ட', 'த', 'ப' ஒவ்வொன்றும் ஓரிடம் முன்னே வரும். விடை: ச, ட, த, ப, ப. சரியாக இருக்கிறது. இப்போது பின்னிருந்து தொடங்குங்கள். ஐந்தாம் கட்டத்தின் 'ப' நான்காம் கட்டத்துக்குப் போகும். அங்கிருந்த 'த' அழிந்துவிட்டது. அடுத்து, நான்காம் கட்டத்தில் இருப்பதை மூன்றாம் கட்டத்துக்கு எடுத்தால் அதுவும் 'ப'தான். முடிவில் ஐந்து கட்டத்திலும் ப, ப, ப, ப, ப!

எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருப்பதால் வந்த வினை இது. இடங்கள் தனித்தனியாக இருந்தால் எந்தத் திசையில் எடுத்தாலும் விடை ஒன்றே. கையேடு இதைப் பல ஆண்டுகளாகவே சொல்லி வந்தது: இரண்டு இடங்களும் ஒன்றின்மேல் ஒன்று படியக் கூடாது, படியுமானால் 'மெம்மூவ்' என்ற வேறு செயற்கூறைப் பயன்படுத்துங்கள். ஃபிளாஷ் அந்த எச்சரிக்கையை மீறியிருந்தது. பழைய நூலகத்தில் மீறல் வெளியே தெரியவில்லை. புதிய நூலகத்தில் ஒலியாகக் கேட்டது.

தவறு யாருடையது? ஒரு பெரிய விவாதமே நடந்தது. 'கையேடு தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மீறியவர்தான் திருத்த வேண்டும்' என்றது ஒரு தரப்பு. லினக்ஸின் தந்தையான லினஸ் டோர்வால்ட்ஸ் மறு தரப்பில் நின்றார். காணொளி பார்ப்பவருக்குக் கையேட்டைப் பற்றி என்ன கவலை, நேற்று ஓடியது இன்று ஓடவில்லை என்பதுதானே அவருக்குத் தெரியும் என்பது அவர் வாதம். கடைசியில் நூலகத்தின் 2.14ஆம் பதிப்பில் ஒரு வழி காணப்பட்டது. பழைய நிரல்கள் அழைத்தால் படிந்த இடங்களையும் பத்திரமாகக் கையாளும் செயற்கூறு கிடைக்கும். புதிதாக உருவாக்கப்படும் நிரல்களுக்குப் புதிய மெம்கோப்பி.

கையேடு ஓர் ஒப்பந்தம். இந்த நிபந்தனைக்குள் அழைத்தால் இந்த விடையைத் தருவேன் என்று நூலகம் வாக்குக் கொடுக்கிறது. நிபந்தனைக்கு வெளியே கிடைக்கும் எந்தச் சரியான விடையும் தற்செயல்தான். 'ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது' என்பது ஒப்பந்தம் ஆகாது.

ஒப்பந்தமே ஆபத்தாக இருந்தால்? 'கெட்ஸ்' என்றொரு செயற்கூறு இருந்தது. விசைப்பலகையிலிருந்தோ வலையமைப்பிலிருந்தோ வரும் ஒரு வரியை வாங்கி வைப்பது அதன் வேலை. ஆனால் வைக்கும் இடம் எவ்வளவு பெரியது என்று அதனிடம் சொல்ல வழியே இல்லை. கால் கிலோ பாத்திரத்தில் ஒரு கிலோ மாவைக் கொட்டினால் மேசையெல்லாம் சிந்துவதுபோல, நீண்ட வரி வந்தால் பக்கத்து நினைவகம் வரை வழிந்துவிடும். 1988 நவம்பர் 2ஆம் தேதி பரவத் தொடங்கிய மோரிஸ் புழு என்ற தீநிரல், பல கணினிகளில் ஓடிய ஒரு சேவை நிரலின் இந்த ஓட்டை வழியாகவும் உள்ளே புகுந்தது. இன்றைய லினக்ஸ் கையேட்டின் கெட்ஸ் பக்கம், அதை எப்போதும் பயன்படுத்தாதீர்கள் என்றே எச்சரிக்கிறது. 2011இல் வந்த சி மொழித் தரநிலை அந்தச் செயற்கூறையே நீக்கிவிட்டது.

நம் ஊர் நேரத்தைக் கணினி எப்படி அறியும்?

மறுபடியும் 1981க்கு வருவோம். கோலாலம்பூரின் நேரம் எப்போதெல்லாம் மாறியது என்பதைச் சி நூலகம் தன்னுள் வைத்திருப்பதில்லை. உலக நேர வலயத் தரவுத்தளம் என்ற ஒரு பொதுத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. 1980களில் ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கிய அந்தத் தொகுப்பைத் தன்னார்வலர்கள் இன்றும் பராமரித்து வருகிறார்கள். நம் பகுதியின் நேரம் எத்தனை முறை மாறியிருக்கிறது என்று அதில் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1905இல் 7 மணி. 1933இல் 7 மணி 20 நிமிடம். 1941இல் 7 மணி 30 நிமிடம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் தோக்கியோ நேரமான 9 மணி. 1945இல் மீண்டும் 7 மணி 30 நிமிடம். 1982 முதல் 8 மணி.

1970க்குப் பிறகு கோலாலம்பூரும் சிங்கப்பூரும் ஒரே நேரத்தைக் கடைப்பிடித்ததால், இப்போது அந்தத் தொகுப்பில் கோலாலம்பூரின் பெயர் சிங்கப்பூர்ப் பதிவையே சுட்டுகிறது. இன்னொன்றையும் அது ஒளிக்காமல் சொல்கிறது: 1970க்குப் பிந்தைய தகவலைச் சரியாக வைத்திருப்பதே நோக்கம், அதற்கு முந்தையது முடிந்தவரை திரட்டியது. தன் எல்லை எது என்று சொல்வதும் நல்ல ஆவணத்தின் அடையாளம். திருத்திக்கொள்வதும்தான். அந்த அரை மணி நேர மாற்றம் 1981 டிசம்பர் 31 நள்ளிரவு 12.00க்கு நடந்ததாகவே அங்கே பல ஆண்டுகள் இருந்தது. இரவு மணி 11.30க்கு நடந்தது என்று பின்னர்தான் திருத்தினார்கள்.

இது எதற்குப் பயன்படும் என்று கேட்கிறீர்களா? நம் வீடுகளில் நன்கு தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு: ஜாதகம் கணிக்கும் மென்பொருள். 1975இல் கிள்ளானில் காலை மணி 6.10க்குப் பிறந்தவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நிரல் எழுதியவர், 'மலேசியா என்றால் 8 மணி' என்று ஒரே எண்ணை எழுதி வைத்திருந்தால் பிறந்த கணமே அரை மணி நேரம் தவறிவிடும். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. அரை மணி நேரத்தில் 7.5 பாகை. கிழக்கு அடிவானத்தில் எந்த ராசி உதயமாகிறது என்பதை வைத்துத்தான் லக்னம் சொல்கிறார்கள். அடிவானம் அவ்வளவு நகர்ந்தால் லக்னமே மாறிவிடக்கூடும். ஜாதகத்தில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு. வானியல் கணக்கு தவறு என்பது தவறுதான். ஊரின் பெயரைக் கொடுத்து நூலகத்திடம் கேட்டிருந்தால், 1975க்கு 7 மணி 30 நிமிடம் என்று அதுவே எடுத்துக்கொண்டிருக்கும்.

இப்போது கடினமான கேள்வி. ஊர் நேரத்தைக் கொடுத்தால் நொடி எண்ணைத் தரும் 'எம்கேடைம்' என்ற செயற்கூறு உண்டு. அதனிடம், '1981 டிசம்பர் 31, இரவு மணி 11.45, கோலாலம்பூர்' என்று கொடுத்தால்? இல்லாத நேரம்! பழைய 7 மணி 30 நிமிடத்தை வைத்துக் கணக்கிட்டால், அது 1982 ஜனவரி 1, நள்ளிரவு 12.15 ஆகிறது. புதிய 8 மணியை வைத்துக் கணக்கிட்டால், டிசம்பர் 31, இரவு 11.15 ஆகிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. இதில் எது வர வேண்டும் என்று சி மொழித் தரநிலை கட்டளையிடவில்லை. ஆகவே ஒரு நூலகம் ஒன்றையும், இன்னொரு நூலகம் மற்றொன்றையும் தரலாம். இப்படிப்பட்ட மூலைமுடுக்குகளைத் தேடிப் பிடித்து, 'இங்கே விடை உறுதியல்ல' என்று எழுதி வைப்பதுதான் கையேடு எழுதுபவரின் கடினமான வேலை.

அந்த வேலையைச் செய்பவர்கள் அதிகம் பேர் இல்லை. லினக்ஸ் கையேட்டுப் பக்கங்களை 2004 முதல் பல ஆண்டுகள் பராமரித்தவர் மைக்கேல் கெரிஸ்க். ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றால் மூல நிரலைப் படிக்க வேண்டும். சிறு சிறு சோதனை நிரல்கள் எழுதி ஓட்டிப் பார்க்க வேண்டும். செயற்கூறு சொன்னபடி நடக்கவில்லை என்றால் தவறு பக்கத்திலா நிரலிலா என்று ஆராய வேண்டும். அப்படித் தேடும்போது நிரலில் உள்ள பிழைகளே பிடிபடுவதும் உண்டு. விளக்கி எழுத முடியாத செயற்கூறு பெரும்பாலும் சரியாக வடிவமைக்கப்படாத செயற்கூறுதான்.

நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள்

இதைச் செய்து பார்க்கச் சி மொழி தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த எந்த மொழியிலும் ஒரு செயற்கூறு எழுதுங்கள்: அடையாள அட்டை எண்ணைக் கொடுத்தால் வயதைச் சொல்ல வேண்டும். நம் அடையாள அட்டை எண் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. எளிதான வேலைதானே?

அதற்குக் கையேட்டுப் பக்கம் எழுதத் தொடங்குங்கள். கேள்விகள் தாமாக முளைக்கும். எண்ணை நடுவில் கோடு போட்டுக் கொடுத்தால் ஏற்குமா? 11 இலக்கம்தான் இருந்தால் என்ன திருப்பித் தரும்? சுழியம் தருமா? அப்படியென்றால் இந்த வாரம் பிறந்த குழந்தையின் வயதும் சுழியம்தானே. இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? முதல் இரண்டு இலக்கம் 08 என்றால் 2008ஆ, 1908ஆ? மாதம் 13 என்றிருந்தால்? பிப்ரவரி 29இல் பிறந்தவருக்கு லீப் அல்லாத ஆண்டில் எந்த நாளில் வயது கூடும்? 'இன்று' என்பது எந்த ஊரின் இன்று?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு விடை முடிவு செய்து எழுதுங்கள். பெயர், அழைக்கும் முறை, செய்யும் வேலை, திருப்பித் தரும் மதிப்பு, தவறு நேர்ந்தால் என்ன ஆகும், எச்சரிக்கை என்ற அதே வரிசையில். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு அந்தப் பக்கத்தை மட்டும் வகுப்புத் தோழர் ஒருவரிடம் கொடுங்கள், நிரலைக் காட்டாதீர்கள். அவர் உங்கள் செயற்கூறைப் பயன்படுத்தி ஒரு சிறு நிரல் எழுதட்டும். நடுவில் அவர் உங்களிடம் வந்து கேட்கும் ஒவ்வொரு கேள்வியையும் குறித்து வையுங்கள். அவை எல்லாம் உங்கள் பக்கத்தில் இன்னும் எழுதப்படாத வரிகள்.